ரகசியச் சாமிக்கு என்ன படையல்?

காட்பாடியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். கல்லூரி நண்பர்கள் ஐந்து பேரை வைத்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டம் நடத்துகிறார். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டி ஆடும் கற்பனை ஆட்டம் அது. பாலாற்றங்கரையைப் போன்ற ஒரு கற்பனை நாடு. அதில் மறைந்த அறிவுக்கெல்லாம் அதிபதியாக மூடுகண்ணன் என்று ஒரு சாமி. அந்தச் சாமிக்கு ஒரு ரகசிய மதம். கறுப்பு அங்கி, நெற்றியில் கண் முத்திரை, அமாவாசை இரவில் மலைக்குகையில் கூட்டம். இரண்டாவது வாரமே ஆட்டக்காரர்கள் குகையைக் கண்டுபிடித்து, பூசாரியைத் தூணில் கட்டி, எல்லாவற்றையும் கறந்துவிட்டார்களாம். "ரகசிய மதத்தை நம்பும்படி எப்படி அமைப்பது? நிஜத்தில் முன்மாதிரி ஏதாவது உண்டா?" என்று கேட்கிறார்.

குகையை இன்னும் நன்றாக ஒளித்துவைக்க வழி சொல்லுங்கள் என்று கேட்பதைப் போலத்தான் இருக்கிறது. ஆனால் எவ்வளவு ஒளித்தாலும் ஐந்து பேர் சேர்ந்து தேடினால் கிடைத்துவிடும், ஆட்டமே அதற்காகத்தானே. அதனால் கேள்வியை நான் இப்படி எடுத்துக்கொள்கிறேன்: பூசாரி பிடிபட்டு, தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிவிட்ட பிறகும் அந்த மதம் ரகசியமாகவே இருக்க என்ன செய்ய வேண்டும்?

நான் வரலாறு படித்தவன், கல்வெட்டு வாசிக்கக் கற்றவன், பாடம் நடத்துவது பிழைப்பு. சனிக்கிழமை சாயங்காலங்களில் மாணவர்களோடு உட்கார்ந்து பகடை உருட்டுவது பல வருடப் பழக்கம். எந்த லெவலில் எந்த மந்திரம், எத்தனை பாயிண்ட் என்ற கணக்கில் என் மாணவர்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். அந்தப் பக்கம் நான் போகவில்லை.

முன்மாதிரி உண்டு, நிறையவே உண்டு. ஏதென்ஸுக்குப் பக்கத்தில் எலூசிஸ் என்ற ஊரில் தெமெத்தர் என்ற தானியத் தாய்க்கும் அவள் மகளுக்கும் ஒரு சடங்கு நடந்தது. ஆயிரம் வருடத்துக்கு மேல் நடந்தது. ஒவ்வொரு வருடமும் ஏதென்ஸிலிருந்து பட்டப்பகலில் ஊர்வலம் கிளம்பும். கிரேக்கம் தெரிந்திருக்க வேண்டும், கொலைப்பழி இருக்கக் கூடாது. அவ்வளவுதான், ஆண், பெண், அடிமை யாரும் தீட்சை வாங்கலாம். உள்ளே கண்டதை வெளியே சொன்னால் மரண தண்டனை. கி.மு. 415 இல் அல்சிபியாடிஸ் என்ற தளபதி, யாரோ வீட்டு விருந்தில் அந்தச் சடங்கைக் கேலியாக நடித்துக் காட்டினான் என்று வழக்குப் போட்டு, படையெடுத்துப் போனவனைப் பாதியில் திரும்பக் கூப்பிட்டார்கள். அவன் வராமல் எதிரி நாடான ஸ்பார்ட்டாவுக்கே போய்ச் சேர்ந்தான். இதுவரை சொன்னது உறுதி. உள்ளே என்ன காட்டினார்கள் என்பதுதான் இன்றுவரை சந்தேகம். அறுத்த கதிர் ஒன்றை மௌனமாகக் காட்டினார்கள் என்று ஹிப்போலிட்டஸ் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் எழுதியிருக்கிறார். அவர் எதிரணி ஆள். அந்த மதத்தை மட்டம் தட்ட எழுதியவர். அவர் சாட்சியத்தைப் பாதி விலைக்குத்தான் வாங்கலாம்.

இதில் உங்களுக்குப் பயன்படுவது, அங்கே எது மறைவாக இருந்தது, எது இல்லை என்ற கணக்கு. ஊர் தெரியும், நாள் தெரியும், யார் யார் போய்வந்தார்கள் என்பதும் தெரியும். கூட்டத்தையே ஒளிக்கப் பார்த்தது உங்கள் மூடுகண்ணன் மதத்தின் முதல் பலவீனம். சிதம்பரத்தில் திரையை விலக்கி ரகசியத்தைக் காட்டுகிறார்கள். வெற்றிடமும் தங்க வில்வ மாலையும் தெரிகின்றன. பார்த்தவர் கும்பிட்டுவிட்டு வருகிறார். ரகசியம் ரகசியமாகவே இருக்கிறது. உங்கள் சாமிக்கும் ஊர் நடுவில் ஒரு கோயில் கொடுங்கள். வெள்ளிக்கிழமை சுண்டல்கூடக் கொடுக்கட்டும்.

அடுத்தது பூசாரி வாயைத் திறப்பது. இதற்குக் கடல் கடந்து போக வேண்டாம், நம் கோட்டையே போதும். 1806 ஜூலை 10 விடிவதற்குள் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்த கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். அதற்குச் சில வாரங்கள் முன்பே முஸ்தபா பேக் என்ற சிப்பாய் தன் வெள்ளைக்கார மேலதிகாரியிடம் போய், இப்படி ஒரு ஏற்பாடு நடக்கிறது என்று சொல்லிவிட்டான். அவர் விசாரணையைப் படையிலிருந்த இந்திய அதிகாரிகள் கையில் கொடுத்தார். அவர்களுக்குள்ளேயே சம்பந்தப்பட்டவர்கள் இருந்தார்கள். ஆளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அறிக்கை போனது. முஸ்தபாவைக் காவலில் போட்டார்கள். கலகம் நடந்து முடிந்த பிறகு, அதே ஆளுக்கு அரசு வெகுமதி கொடுத்தது.

நடந்ததைக் கவனியுங்கள். ரகசியம் முழுசாக, சரியான ஆளிடம், சரியான நேரத்தில் வெளியே வந்தது. வந்தும் ஒன்றும் ஆகவில்லை. உங்கள் ஆட்டக்காரர்கள் பூசாரியைக் கறக்கட்டும். அவன் உண்மையையே சொல்லட்டும். அவர்கள் அதை எங்கே கொண்டுபோய்ச் சொல்வார்கள்? நகரக் காவல் தலைவரிடம்தானே? அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, விசாரிக்க மூன்று பேர் கொண்ட குழு போடுவார். அந்த மூவரில் இருவர் யார் என்பதை மட்டும் நீங்கள் முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக, எழுத்து. ஆற்காட்டுக்குப் பக்கத்தில் விளாப்பாக்கத்தை ஒட்டிப் பஞ்சபாண்டவர் மலை இருக்கிறது. பாண்டவர் வனவாசத்தில் தங்கிய இடம் என்று ஊரில் சொல்வார்கள். பாறையில் இருப்பது சமணம். பொன்னியக்கி என்ற சமணப் பெண் தெய்வத்தின் உருவம் செதுக்கியிருக்கிறது. கூடவே பல்லவ மன்னர் நந்திப்போத்தரசரின் 50 ஆவது ஆட்சியாண்டில், நாகநந்தி என்ற குருவோடு பொன்னியக்கியார் படிமத்தைச் செய்வித்ததைச் சொல்லும் கல்வெட்டு. எட்டாம் நூற்றாண்டுக் கடைசி. வெயில் ஏறிய பாறையில் வெறும் கண்ணுக்கு அங்கே கீறலும் பொரிந்த கல்லும்தான் தெரியும். பழைய எழுத்தைப் படிக்க மைப்படி எடுப்போம். கல்லைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, மயிர்ப் பிரஷ்ஷால் அடி அடியென்று அடித்து ஒவ்வொரு குழிக்குள்ளும் தாளை இறக்க வேண்டும். தாள் ஓரளவு காய்ந்ததும் துணிப்பந்தில் மை தொட்டு ஒற்றிக்கொண்டே போனால், கறுப்புத் தாளில் வெள்ளையாக ஒரு 'பொ' எழும்பும், பக்கத்தில் 'ன்', அப்புறம் முழுப் பெயரும். முதல் தடவை பார்க்கிற மாணவன் கொஞ்ச நேரம் பேசமாட்டான். அந்தக் கல்வெட்டை யாரும் ஒளித்துவைக்கவில்லை. ஆடு மேய்ப்பவர் முதுகு சாய்த்து உட்காரும் பாறையில் அது ஆயிரத்து இருநூறு வருடமாகத் திறந்தே கிடக்கிறது. வாசிக்கிறவர்கள் இல்லாமல் போனார்கள், வேறொரு கதை வந்து உட்கார்ந்துகொண்டது. மூடுகண்ணனின் வேதத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்ட வேண்டாம் என்பதற்காகத்தான் இவ்வளவு சொல்கிறேன். சந்தைத் தெரு மண்டபத்துத் தூண்களில் வெட்டிவையுங்கள். ஊரார் அதை ஏதோ அரசனின் தானக் கணக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கட்டும்.

இந்த இடத்தில் ஒன்றைக் கறாராகச் சொல்ல வேண்டும். தமிழ்ச் சமணர்கள் மறைந்துபோனவர்கள் இல்லை. வந்தவாசி, ஆரணி, போளூர்ப் பக்கக் கிராமங்களில் இன்றும் வாழ்கிறார்கள். உழவும் கோயிலுமாக நம் பக்கத்து வீட்டுக்காரர்கள். மலையிலிருந்து கல்வெட்டு உத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். சின்னத்தையோ, குரு பெயரையோ, ஒரு சாதி மதத்தின் அடையாளத்தையோ எடுத்து உங்கள் வில்லன் கூட்டத்துக்கு மாட்டாதீர்கள். ரகசிய மதம் என்று யாரையாவது காட்டி உலகத்தில் நிறைய வீடு எரிந்திருக்கிறது. லெபனான், சிரியா பக்கத்து துரூஸ் மக்களையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களில் பெரும்பாலோர் தங்கள் மதநூல்களுக்குள் போகாதவர்கள். தீட்சை பெற்ற ஒரு பகுதியினர் மட்டுமே அதை வாசிப்பவர்கள். 1043 ஆம் ஆண்டிலிருந்து புதிதாக யாரையும் மதத்தில் சேர்ப்பதில்லை. அவர்களுடைய மௌனத்துக்குத் துன்புறுத்தலும் ஒரு காரணம். உங்கள் கற்பனை மதத்துக்கும் வாயை மூடிக்கொள்ள இப்படி ஒரு காரணம் கொடுத்தால் அதற்கு மனித முகம் வரும். ஊருக்குத் தீங்கு செய்வதற்காக மட்டுமே ஒளிந்திருக்கும் கூட்டம் எனக்குச் சலிப்பாக இருக்கிறது.

சரி, ஆட்டத்தின் சொந்தப் புராணத்துக்கு வருவோம். மர்மங்களின் தெய்வம் என்றதும் இந்த ஆட்டக்காரர்களுக்கு வெக்னா நினைவுக்கு வரும். ஆட்டம் 1974 இல் வெளிவந்தது. 1976 இல் வந்த துணைநூலில் வெக்னா என்பவன் வெறும் துண்டிக்கப்பட்ட கையும் பிடுங்கப்பட்ட கண்ணும்தான், மந்திர சக்தியுள்ள இரண்டு பொருள்கள். ஆள் பிறகு வந்தான், தெய்வமாக ஆனது அதற்கும் பிறகு. அவனை வெட்டியவன் காஸ், அவனுடைய வலது கையாக இருந்த தளபதி. அவனுடைய மதத்தில் அடியார்களின் பதவிப் பெயர்களும் உடல் உறுப்புகள்: ஒருவர் விரல், ஒருவர் பல், ஒருவர் ரத்தம். எனக்கு இதில் மிகவும் பிடித்தது இந்த ஏற்பாடுதான். விரலுக்குப் பல் என்ன மெல்லுகிறது என்று தெரியாது. விரலைப் பிடித்து விசாரித்தால் விரலின் கதைதான் கிடைக்கும். உங்கள் பூசாரிக்கு எல்லாம் தெரிந்திருந்தது பெரிய தப்பு. அவனுக்கு எண்ணெய் எந்தக் கடையிலிருந்து வருகிறது, எந்த வீட்டுக் கதவை எத்தனை முறை தட்ட வேண்டும் என்பது மட்டும் தெரிந்திருந்தால் போதும்.

ஆட்டக்காரர்கள் சொல்லிச் சிரிக்கும் கதை ஒன்று உண்டு. கையும் கண்ணும் இருக்கும்போது வெக்னாவின் தலையும் எங்கோ இருக்கிறது என்று ஒரு குழு சும்மா வதந்தி கிளப்பிவிட்டதாம். எதிர்க்குழு போட்டி போட்டுக்கொண்டு ஒரு செத்த தலையைத் தேடி எடுத்து, அதைப் பொருத்திக்கொள்வதற்காகத் தங்கள் ஆள் தலையையே வெட்டிக்கொண்டதாம். பொய் ரகசியத்தை நீங்கள் கட்டாயம் ஒன்றிரண்டு விதைக்க வேண்டும். மெய் ரகசியத்தைவிட அதற்கு வேகம் அதிகம்.

இனி எல்லாவற்றிலும் முக்கியமானது என்று நான் நினைப்பது. நம் ஊரில் புதிதாக ஒரு கிராம தெய்வத்தின் கோயிலுக்குப் போனால் என்ன கேட்போம்? இந்தச் சாமிக்கு என்ன படையல், கிடாயா, பொங்கலா, சுருட்டா என்றுதானே? மூடுகண்ணனுக்கு என்ன படையல் என்று நீங்கள் எழுதவே இல்லை. அறிவின் அதிபதிக்குச் செவ்வரளி மாலை எதற்கு? அவனுக்குப் பசி ரகசியத்தின் மேல். அடியான் தனக்கு மட்டுமே தெரிந்த ஒன்றைக் கொண்டுவந்து படைக்க வேண்டும். இதுவரை பலரும் யோசிப்பதுதான். இன்னும் ஓரடி எடுத்து வையுங்கள்: படைத்ததும் அது படைத்தவனுக்கு மறந்துவிட வேண்டும். எச்சில் படாமல் கொடுப்பதுதானே படையல்? கொடுத்த பிறகு அது அவனிடம் இருக்கக் கூடாது.

இந்த ஒரு விதியை வைத்தால் மீதி தானாக வந்து சேரும். மதத்தில் மேலே ஏறியவன் நிறையக் கொடுத்தவன்; நிறையக் கொடுத்தவனுக்குத் தன்னைப் பற்றி ஒன்றும் நினைவில்லை. தலைமைப் பூசாரிக்கு ஊரில் யார் வீட்டுப் பத்திரத்தில் யார் கையெழுத்தைப் போட்டார்கள் என்பது தெரியும், தன் அம்மாவின் முகம் தெரியாது. அவரைப் பிடித்து உதைத்தாலும் தன்னைப் பற்றிச் சொல்ல அவரிடம் எதுவும் இல்லை. துப்புத் துலக்குகிறவர்கள் குகையைத் தேட மாட்டார்கள், விடுபட்ட இடங்களைத் தேடுவார்கள். தோல் மண்டி வைத்திருக்கும் ஒரு விதவை. அவள் பேரேட்டில் அவள் கையெழுத்திலேயே ஒரு பெயருக்கு மாதாமாதம் பணம் போயிருக்கிறது. யார் இது என்று கேட்டால் நிஜமாகவே விழிக்கிறாள். வீட்டில் மூன்று குழந்தைகளுக்குத் தொட்டில் கட்டிய கொக்கிகள். அவள் பெற்றது இரண்டு என்கிறாள். மாந்திரீகம் தெரிந்த உங்கள் ஆட்டக்காரர் பொய்யைக் கண்டறியும் மந்திரத்தைப் போடட்டும், அவள் பொய் சொல்லவில்லை என்றுதான் வரும்.

சடங்கை எங்கே நடத்துவது? குகை வேண்டாம். பாலாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். மேலே மணல், அடியில் ஓட்டம். கோடையில் மணலைத் தோண்டி ஊற்று எடுத்த காலம் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். முழங்கை ஆழத்துக்குத் தோண்டினால் முதலில் ஈர மணல், அப்புறம் ஓரங்கள் சரிந்துகொண்டே வர, நடுவில் கலங்கலாகத் தண்ணீர் கசியும். படைக்க வந்தவன் குப்புறப் படுத்து, அந்தக் குழிக்குள் வாயை வைத்துச் சொல்கிறான். தண்ணீர் தெளிந்ததும் அதையே ஒரு கை அள்ளிக் குடிக்கிறான். காலையில் அங்கே மாட்டுக் குளம்புத் தடம்தான் இருக்கும். எகிப்தில் தோத் என்ற அறிவுத் தெய்வத்தின் நூலைப் பற்றிய பழங்கதையில், அந்த நூலைக் கைப்பற்றியவன் அதைப் புதுத் தாளில் எழுதி, கரைத்து, குடித்துவிடுகிறான். நம் பக்கத் தர்காக்களில் பீங்கான் தட்டில் ஓதி எழுதிக் கழுவிக் குடிக்கும் வழக்கத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். அறிவைக் குடிப்பது எல்லா ஊரிலும் இருக்கிறது. உங்கள் மதத்தில் குடித்தவனுக்கு மறதி.

ஆள் சேர்ப்பதற்கும் ஒரு மாதிரி சொல்கிறேன், இதுவும் உள்ளூர்தான். நாடி பார்க்கும் இடத்தில் கட்டைவிரல் ரேகையை வாங்கிக்கொண்டு, ஏட்டுக்கட்டை எடுத்துவந்து, இந்த ஓலை உங்களுடையதுதானா என்று தெரிந்துகொள்ளக் கேள்வி கேட்பார்கள். அப்பா பெயர் இந்த எழுத்தில் தொடங்குமா? உடன்பிறந்தவர் இருவரா? ஆம், இல்லை என்று மட்டும் சொன்னால் போதும். ஓலை அகப்பட்டதும் உங்கள் கதை உங்களுக்கே வாசிக்கப்படும். அதை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். நான் பார்ப்பது முறையை. சொல்லிக்கொடுக்கிற பாவனையில் கேட்டுவாங்க முடியும். மூடுகண்ணனின் ஆட்கள் அங்கி போட்டுத் திரிய வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து வைத்தியத்துக்கு வந்து மாதக்கணக்கில் தங்கும் குடும்பங்களுக்கு அறை வாடகைக்கு விடுகிறவராக, கடிதம் எழுதிக் கொடுப்பவராக இருக்கலாம். மனசு கனத்தவர்கள் யாரிடமாவது சொல்லித்தான் தீருவார்கள்.

கோயிலைப் பற்றி ஒன்று. நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று நம் ஊரைக் கேலிசெய்வார்கள். கடைசியாகச் சொன்னது ஜலகண்டேஸ்வரர் கோயில். நெடுங்காலம் பூசையில்லாமல் கிடந்தது, லிங்கம் சத்துவாச்சாரியில் இருந்தது, 1981 இல்தான் கோட்டைக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். உங்கள் கதையில் இதைத் தலைகீழாகப் போடலாம்: கருவறை எப்போதும் காலி, மூர்த்தி ஏதோ ஒரு தெருவில் ஏதோ ஒரு வீட்டில் அம்மிக்கல்லோடு கல்லாகக் கிடக்கிறது, வீட்டுக்காரருக்கே தெரியாது.

எதிர்ப்பும் உள்ளேயிருந்தே வரட்டும். திருக்கோட்டியூர் நம்பி 18 முறை நடக்கவிட்டுக் கடைசியில் சொல்லிக்கொடுத்த மந்திரத்தை, ராமானுஜர் கோபுரத்தில் ஏறி ஊரறியச் சொன்னார் என்பது குருபரம்பரைக் கதை. வரலாற்றுச் சான்று என்று இதை நான் வைக்க மாட்டேன், ஆனால் கதைக்கு இதைவிட நல்ல விதை கிடையாது. மூடுகண்ணனின் அடியார்களிலேயே ஒருத்தி, கொடுத்ததையெல்லாம் திருப்பிக் கேட்கிறாள் என்று வையுங்கள். அவள் வெற்றி பெற்றால் ஊரில் எல்லோருக்கும் எல்லாமும் ஒரே இரவில் நினைவுக்கு வரும். அவளுக்கு உதவுவதா வேண்டாமா என்று உங்கள் மேசையில் நிஜமாகவே சண்டை நடக்கும்.

கடைசியாக, மேசையில் செய்ய வேண்டியது. ஐந்து பேரில் ஒருவரைத் தனியாகக் கூப்பிட்டு, ஆட்டம் தொடங்கும் முன்பே கேளுங்கள்: உன் பாத்திரம் ஏற்கெனவே ஒரு முறை பாலாற்று மணலில் குப்புறப் படுத்தவன், எதைக் கொடுத்தான் என்பது உனக்கும் தெரியாது, சம்மதமா? சம்மதிக்காதவரிடம் இதைத் திணிக்காதீர்கள். தன் பாத்திரத்தின் நினைவைப் பிடுங்கியது சிலருக்கு நிஜமாகவே வலிக்கும், நட்பு முறியும். சம்மதித்தால், அவன் எதைப் படைத்தான் என்பதை ஒரு தாளில் எழுதி, மடித்து, உறையில் போட்டு ஒட்டி, அவரிடமே கொடுத்துவையுங்கள். பிரிக்க வேண்டிய வாரம் எது என்பதை நீங்கள் சொல்ல வேண்டாம், அவர் முடிவு செய்யட்டும். நீங்கள் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள், பையன்கள் உறையைத் தொலைத்துவிடுவார்கள்.